இராகலையில் நின்ற ரயிலும் உடப்புசல்லாவைக்கு வந்த லொறியும்

'உடப்புசல்லாவை ரயில்' என்ற பெயரில் ஒரு ரயில் இருந்தது. ஆனால், அது ஒருநாளேனும் உடப்புசல்லாவைக்கு வந்ததில்லை!

வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அதுவே உண்மை. நானுஓயாவில் புறப்பட்ட அந்தச் சின்னஞ்சிறு ரயில், நுவரெலியாவையும் கந்தப்பளையையும் கடந்து, புரூக்சைட் வழியாக இராகலையை அடைந்ததும் களைத்துப்போய் நின்றுவிடும். அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. உடப்புசல்லாவையின் பெயரை நெற்றியில் சூடிக்கொண்ட ரயில், உடப்புசல்லாவையின் முகத்தைப் பார்க்காமலே தன் ஆயுளை முடித்துக்கொண்டது.

ரயில் நின்ற இடத்திலிருந்து மிச்ச வழியை நடத்தி வைத்தவை முதலில் மாட்டு வண்டிகள், பின்னர் லொறிகள். அந்த லொறிகளையும், அவற்றை ஓட்டிய மனிதர்களையும், அவர்களுக்குச் சோறு போட்ட சிறு கம்பனிகளையும் பற்றி எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காரணம், என் பெரியப்பா அத்தகைய கம்பனி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்து, சாரதியாகி, அதிலேயே தலை நரைத்தவர்.

தவளமும் கரத்தையும்

நுவரெலியாவுக்குக் கிழக்கே, ஊவா மலைகளை நோக்கிச் சரியும் பக்கத்தில் இருக்கிறது உடப்புசல்லாவை. இலங்கைத் தேயிலை விளையும் ஏழு பிரதேசங்களுள் ஒன்றாக அதனைத் தனியே வைத்து எண்ணுவார்கள். வடகீழ்ப் பருவக்காற்றின் மழையும் அதற்கு உண்டு. தென்மேல் பருவக்காற்றின் உலர்ந்த வீச்சும் அதற்கு உண்டு. ஆகவே ஆண்டுக்கு இருமுறை அங்கே கொழுந்துக்குத் தனி மணம் ஏறும். இலண்டனில் இருந்து தேநீர் அருந்தியவர் அந்த மணத்தைப் புகழ்ந்தார். அந்தப் பெட்டி மலையை விட்டு எப்படி இறங்கியது என்று அவர் கேட்டிருக்கமாட்டார்.

பழங்காலத்தில் மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் ஏறியதும், பாக்கு இறங்கியதும் தவளத்தின் முதுகிலேதான். தவளம் என்பது பொதி மாடுகளின் கூட்டம். பாதையே இல்லாத இடத்தில் அவையே பாதை கண்டன. பிறகு வெள்ளையர் ஆட்சியில் 1820களில் கொழும்பு - கண்டி வீதி அமைந்தது. அதன்மேல் கோப்பி மூட்டைகளைச் சுமந்த கரத்தைகள் வரிசை வரிசையாய் ஊர்ந்தன. மழையில் சில்லுப் புதைந்தால் நாள் கணக்கில் தாமதம். மாட்டுக்கு நோய் வந்தால் வாரக் கணக்கில் தாமதம். வண்டிக் கூலியே கோப்பியின் இலாபத்தைத் தின்றுவிடுகிறது என்று தோட்டத்துரைமார் ஓயாது முறையிட்டதன் பலனாகவே ரயில் பாதை பிறந்தது. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. அதே ஆண்டில்தான் லூல்கந்துரை என்னும் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். சில ஆண்டுகளில் இலைநோய் கோப்பியை அழித்தது. கோப்பிக்காகப் போடத் தொடங்கிய தண்டவாளம் தேயிலைக்குப் பயன்பட்டது. 1885இல் அது நானுஓயாவைத் தொட்டது.

முப்பது அங்குலப் பாதை

நானுஓயா வரை வந்த பெரிய ரயிலின் தண்டவாளங்களுக்கிடையே ஐந்தரை அடி அகலம். அங்கிருந்து நுவரெலியாவுக்கும் இராகலைக்கும் அத்தகைய அகலப் பாதையை மலை முகட்டில் வளைத்து வளைத்துப் போடுவது மிகுந்த செலவான காரியம். ஆகவே இரண்டரை அடி, அதாவது முப்பது அங்குல அகலத்தில் ஒரு குறும்பாதை போடத் தீர்மானித்தார்கள். 1903இல் அது நுவரெலியாவை அடைந்தது. அடுத்த ஆண்டில் இராகலை வரை நீண்டது. மொத்தம் ஏறத்தாழ 19 மைல்.

கொழும்பிலிருந்து கோடைக்கு வந்த சீமான்கள் அதில் நுவரெலியாவுக்கு ஏறினார்கள். அரிசி மூட்டை ஏறியது, உரம் ஏறியது, தேயிலைப் பெட்டி இறங்கியது. தோட்டத்து மக்கள் அதனைக் 'கோச்சி' என்றே அழைத்தார்கள். பனிக்குள் அதன் கூவல் கேட்டால் பிள்ளைகள் லயத்தை விட்டு ஓடிவந்து வேலியோரம் நிற்பார்களாம். பெரியப்பாவும் அப்படி நின்ற பிள்ளைகளுள் ஒருவர்.

அந்தக் கோச்சியின் ஆயுள் அரை நூற்றாண்டுக்கும் குறைவு. 1940களில் அது மூடப்பட்டது. தண்டவாளங்களையும் பெயர்த்துவிட்டார்கள். பஸ்ஸும் லொறியுமே அதனை வென்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரியே. ஆனால், எப்படி வென்றன என்பதை மாணவர்கள் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும்.

லொறி ஏன் வென்றது?

உடப்புசல்லாவைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டி கொழும்புக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை வாசலில் அதனைக் கரத்தையில் ஏற்றவேண்டும். இராகலையில் இறக்கிக் குறும்பாதை ரயிலில் ஏற்றவேண்டும். முப்பது அங்குலப் பெட்டி ஐந்தரை அடிப் பாதையில் ஓடாது. ஆகவே நானுஓயாவில் மறுபடியும் இறக்கிப் பெரிய ரயிலில் ஏற்றவேண்டும். கொழும்பில் இறக்கி மீண்டும் வண்டியில் ஏற்றித் தரகரின் களஞ்சியத்தில் சேர்க்கவேண்டும். எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம்! ஒவ்வொரு கைமாற்றத்திலும் கூலி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெட்டியின் மூலை உடையும் அபாயம். மழையில் நனையும் அபாயம்.

லொறியோ தொழிற்சாலை வாசலில் பெட்டியை ஏற்றி நேரே நானுஓயாவின் சரக்குக் கொட்டகையில் இறக்கிவிடும். வேண்டுமானால் இறக்காமலே கொழும்புக்கும் போகும். இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டி வந்தது 1902இல். குறும்பாதை ரயில் நுவரெலியாவை அடைவதற்கு ஓராண்டு முன்னதாகவே அதன் எதிரி துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டது என்று சொல்லலாம் அல்லவா? எதிரி வளர்ந்து மலையேற முப்பது ஆண்டுகள் பிடித்தன, அவ்வளவே.

ஆறு லொறியும் ஒரு கொட்டகையும்

பெரியப்பா வேலை பார்த்த ஸ்தாபனத்திற்குப் பெரிய பெயர் ஒன்று இருந்தது. அது லொறியின் கதவில் மஞ்சள் எழுத்தில் மினுங்கும். ஆனால் எவரும் அதனைச் சொன்னதில்லை. முதலாளிக்கும் 'கம்பனி', சாரதிக்கும் 'கம்பனி', தோட்டத்துக் கிளாக்கருக்கும் 'கம்பனி'தான். கம்பனி என்றால் மாளிகையை எண்ணிவிடாதீர்கள். தகரக் கூரையிட்ட ஒரு கொட்டகை, அதன் மூலையில் மேசை நாற்காலியுடன் ஒரு கணக்கப்பிள்ளை, எண்ணெய் ஊறிய மண் தரை, ஆறு லொறிகள். இதுவே கம்பனி. மலைநாட்டின் ஒவ்வொரு பட்டினத்திலும் இப்படிப்பட்ட ஒன்றிரண்டு ஸ்தாபனங்கள் இருந்தன. தோட்டங்களோடு ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் செய்துகொண்டு அவை சரக்கேற்றின.

1939இல், பதினைந்து வயதில், பெரியப்பா அங்கே கிளீனராகச் சேர்ந்தார். கிளீனர் என்ற சொல்லைக் கேட்டுத் துடைக்கும் வேலை மாத்திரமே என்று எண்ணக்கூடாது. விடியுமுன் எழுந்து முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிப்பவன் அவன். குளிரில் உறைந்த எஞ்சின் சில வேளை கைப்பிடியைப் பின்னோக்கி உதறும். கட்டைவிரலை மடித்துப் பிடிக்காமல் சேர்த்து வைத்துப் பிடிக்கத் தெரியாதவனுக்கு மணிக்கட்டு முறியும். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால் ஓடையில் வாளியை முகந்து வருபவன் அவன். வண்டி நின்றால் பாய்ந்து இறங்கிப் பின்சில்லுக்குக் கட்டை போடுபவனும் அவனே. கட்டையைத் தோளில் ஏந்தியபடி ஏற்றம் முழுவதும் லொறியின் பின்னால் ஓடிய நாட்களும் உண்டு.

ஏழாண்டுகளின் பின், போர் முடிந்த மறு ஆண்டில், சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்தது. பெட்போர்ட், ஒஸ்டின், கொமர் எனச் சீமை லொறிகள் மலையேறிய காலம் அது. ஒவ்வொரு லொறிக்கும் ஒரு சுபாவம் உண்டு என்பார் பெரியப்பா. இன்னது ஏற்றத்தில் சிணுங்கும், இன்னது இறக்கத்தில் அடங்காது, இன்னதற்கு மழையென்றால் ஆகாது என்று வீட்டு மாடுகளைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார்.

அந்தக் கொட்டகையில் தமிழர் இருந்தனர், சிங்களவர் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். இரவில் ஒரே சாக்கு விரிப்பில் படுத்தார்கள். ஒருவரின் சட்டியிலிருந்து மற்றவர் சோறு எடுத்தார்கள். வண்டி பழுதாகி வழியில் நின்றால், எந்தக் கம்பனி லொறியாயினும், பின்னால் வருபவன் நிறுத்திக் கேட்காமல் தாண்டிப் போகமாட்டான். எழுதாத சட்டம் அது.

மலைப்பாதையின் இலக்கணம்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, 1958இல், பள்ளி விடுமுறையில் பெரியப்பா என்னை லொறியில் ஏற்றிக்கொண்டு நானுஓயாவுக்குப் போனார். பஸ்களையெல்லாம் அரசாங்கம் பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் ஒப்படைத்த ஆண்டு அது. பஸ் முதலாளிமாரின் பெயர்கள் அந்த ஜனவரியோடு வீதியிலிருந்து மறைந்தன. லொறிக் கம்பனிகள் மாத்திரம் தனியார் கையிலேயே இருந்தன.

அன்று நான் கற்ற பாடங்களை எந்த வகுப்பிலும் கற்றதில்லை. எந்தக் கியரில் ஒரு மலையை ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது முதற் பாடம். இறக்கத்தில் பிரேக்கை நம்பி மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறும். சூடேறினால் பிடிப்பு இழக்கும். பிடிப்பு இழந்தால் மலையே சாரதியாகிவிடும். எஞ்சினின் இழுவையையே கடிவாளமாகக் கொண்டு, மாட்டை அடக்கி நடத்துவதுபோல் வண்டியை நடத்தவேண்டும். கியர் மாற்றுவதும் இன்றுபோல் எளிதன்று. கிளச்சை ஒருமுறை மிதித்து விட்டு, எஞ்சினின் வேகத்தைக் காதால் அளந்து, இரண்டாம் முறை மிதித்தால்தான் பல்லும் பல்லும் பொருந்தும். தவறினால் பற்கள் அரைபடும் ஓசை அடுத்த தோட்டம் வரை கேட்கும். மறுநாள் கொட்டகையில் பரிகாசமும் கேட்கும்.

ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும் என்பது இரண்டாம் பாடம். பாரம் சுமந்து ஏறுபவன் இடையில் நின்றுவிட்டால் மறுபடி புறப்படுவது பெரும்பாடு. இறங்குபவன் ஒதுங்கி நின்றால் அவனுக்கு ஒரு நிமிடமே நட்டம். வாழ்க்கைக்கும் பொருந்தும் நியாயம் இது என்று பிற்காலத்தில் பலமுறை நினைத்திருக்கிறேன்.

கந்தப்பளைக்கு அருகே மூடுபனி இறங்கியது. முன்னே ஐந்து யார் தூரமும் தெரியவில்லை. கிளீனர் இறங்கி, வெள்ளைத் துணியொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். அந்தத் துணியின் அசைவையே பார்த்துக்கொண்டு பெரியப்பா வண்டியை நகர்த்தினார். இடப்புறம் மலைச்சுவர், வலப்புறம் வெறும் வெண்மை. அந்த வெண்மைக்குக் கீழே எத்தனை அடி ஆழம் என்று நான் கேட்டேன். பெரியப்பா பதில் சொல்லவில்லை.

தேயிலையின் மூக்கு

தேயிலைக்கு நாக்கு மாத்திரமன்று, மூக்கும் உண்டு என்பது லொறிக்காரரின் நம்பிக்கை. அது விஞ்ஞான உண்மையும்கூட. நன்கு உலர்ந்த தேயிலை, பக்கத்தில் இருக்கும் ஈரத்தையும் வாசனையையும் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்கு அருகே வைத்த பெட்டி கொழும்பிலே சுவை பார்ப்பவரின் உதட்டைச் சுளிக்க வைக்கும். ஏலத்தில் விலை விழும்.

ஆகவே, மேலே ஏறும்போது அரிசி, கருவாடு, உரம், மண்ணெண்ணெய் என எதை ஏற்றி வந்தாலும், கீழே இறங்குமுன் லொறியின் பலகைகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்கவேண்டும். வெயில் எங்கே இருக்கிறது உடப்புசல்லாவையில்? மழைக்காலத்தில் தொழிற்சாலையின் அடுப்புச் சாம்பலைத் தூவிப் பலகையை உலர்த்துவார்கள். டீமேக்கர் வந்து குனிந்து முகர்ந்து பார்த்துத் தலையசைத்த பின்னரே முதற் பெட்டி ஏறும்.

ஒட்டுப் பலகையால் செய்து, மூலைகளில் தகரம் அடித்து, உள்ளே உலோகத் தாள் இட்ட பெட்டி அது. வெளியே தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், தொடர் இலக்கம், நிறை எல்லாம் கறுப்பு மையில் பதித்திருக்கும். பெட்டிக்குள் நூறு இறாத்தலுக்குக் குறையாத தேயிலை. ஐந்து தொன் லொறியில் எண்பது, தொண்ணூறு பெட்டிகள் அடங்கும். அடுக்கும் முறையில்தான் தொழிலின் நுட்பம். ஒன்று அசைந்தால் வளைவில் எல்லாம் அசையும். கயிற்றைக் கட்டி, தார்ப்பாயை இழுத்து மூடி, முடிச்சின்மேல் கையை வைத்து ஒரு கணம் கண்ணை மூடுவார் பெரியப்பா. பிரார்த்தனையோ, கணக்கோ, அறியேன்.

எங்கள் பக்கத்து லயத்துப் பெண்கள் காலைப் பெரட்டுக்கு நின்று, மலையேறிக் கிள்ளிய கொழுந்து அந்தப் பெட்டிக்குள் இருந்தது. சாரதிமார் அதை மறக்கவில்லை. பெட்டியை எறிந்து இறக்கிய கிளீனர் ஒருவனைப் பெரியப்பா அன்று கடிந்துகொண்டதை நேரில் கேட்டேன். உன் அம்மாவின் கை இதற்குள் இருக்கிறது என்று மாத்திரம் சொன்னார். அந்தப் பையன் அதன்பின் பெட்டியை எறியவில்லை.

அனுமதிப்பத்திரமும் பிரஜாவுரிமையும்

பெரியப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கும். அதைக்கொண்டு அவர் இந்த நாட்டின் எந்த வீதியிலும் லொறி ஓட்டலாம். ஆனால் இந்த நாட்டின் பிரஜை என்று சொல்ல அவர் கையில் ஒரு தாளும் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று.

1964 அக்டோபர் 30ஆம் திகதி, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னர் தீர்மானிப்பது என்று முடிவாயிற்று. அந்த எஞ்சியவர்களை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒப்பந்தத்தில் இவை எண்கள். எங்கள் லயத்தில் இவை அண்ணன், தங்கை, அத்தை, மாமன்.

தோட்டத்திலிருந்து ரயில் நிலையத்திற்குப் போக அவர்களுக்கு வாகனம் வேண்டுமே! கம்பனி லொறிகளே அதற்கும் போயின. அப்படித்தான் 1971இல் ஒரு விடியற்காலையில் பெரியப்பா தம் சொந்தத் தங்கையை, என் அத்தையை, மாமாவோடும் மூன்று பிள்ளைகளோடும் நானுஓயாவுக்கு ஏற்றிச் சென்றார். அம்மிக்கல்லை விட்டுவரச் சொன்னார்கள், அத்தை கேட்கவில்லை. செம்பும் குத்துவிளக்கும் சாமி படமும் பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் இருந்தன. மலிவாகவும் வலுவாகவும் கிடைத்த பெட்டி அதுதான். பெட்டியின் பக்கத்தில் தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் அப்படியே இருந்தது. எத்தனையோ ஆயிரம் பெட்டிகளை அவர் அந்த நிலையத்தில் இறக்கியிருக்கிறார். அந்த நான்கு பெட்டிகளை இறக்கத்தான் கை நடுங்கியது.

தலைமன்னாருக்குப் போன அந்த வண்டிகளை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். பெட்டிக்குள் இருந்தவர்களும் அழுதார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம். தாயகம் திரும்பியோருக்கென 1968 முதல் நீலகிரியில் அரசாங்கம் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அத்தையின் குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்தது. மீண்டும் அதே செடி, அதே கூடை.

பெரியப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கே விண்ணப்பித்திருந்தார். பதில் வரவில்லை. அன்று நானுஓயாவிலிருந்து வெறும் லொறியோடு திரும்பியவர் கந்தப்பளையில் வண்டியை நிறுத்தி, சில்லுக்குக் கட்டை போடச் சொல்லிவிட்டு, நெடுநேரம் வீதியோரத்தில் உட்கார்ந்திருந்தாராம். உடன் சென்ற கிளீனர் பிற்காலத்தில் சொல்லக் கேட்டேன்.

சாம்பலான கணக்கு

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. துரைமாரும் கம்பனிகளும் போய்ச் சபையும் கூட்டுத்தாபனமும் வந்தன. பெரியப்பாவின் முதலாளி பழைய ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக இழந்தார். உதிரிப் பாகங்களுக்குத் தட்டுப்பாடு வேறு. இரண்டு லொறிகளைக் கழற்றி, நான்கை ஓட்டினார்கள். பிறகு இரண்டையும் கழற்றி, இரண்டை ஓட்டினார்கள்.

1983 ஜூலையில் எஞ்சியிருந்த அந்த இரண்டும் எரிந்தன. கொட்டகையும் எரிந்தது. பெரியப்பாவைத் தன் வீட்டு அட்டத்தில் மூன்று நாள் மறைத்துவைத்துக் காப்பாற்றியவர் அவரோடு இருபதாண்டு லொறி ஓட்டிய சிங்களச் சாரதி ஒருவரே. லொறி போனதைப் பற்றிப் பெரியப்பா அதிகம் பேசியதில்லை. கணக்கப்பிள்ளையின் மேசையிலிருந்த நடைப் புத்தகங்கள் போனதைப் பற்றியே பேசுவார். எந்த நாள், எந்தத் தோட்டம், எத்தனை பெட்டி, யார் சாரதி, யார் கிளீனர் என்று நாற்பதாண்டு விவரம் அதில் இருந்ததாம். அது இருந்தால், நான் இந்த நாட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பவர்களுக்குக் காட்டலாம் என்பார்.

1986இல் அவர் மறைந்தார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. அவர் பையிலிருந்த அனுமதிப்பத்திரம் இப்போது என்னிடம் இருக்கிறது.

நினைவைப் பேணுவோர்

பிற நாடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிரித்தானியாவில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தூரப் பயண லொறி ஸ்தாபனங்கள் அரசுடைமையாயின. 1953இன் பின் பல மீண்டும் தனியாருக்கு விற்கப்பட்டன. அந்த மாற்றங்களில் மறைந்துபோன சிற்றூர்க் கம்பனிகளை அங்குள்ள முதிய சாரதிகள் மறக்கவில்லை. எந்தக் கம்பனிக்கு எந்த வர்ணம், கதவில் எந்த எழுத்து என்று நினைவுகூர்கிறார்கள். பழைய லொறிகளைத் தேடிப் பிடித்து அதே வர்ணம் பூசி, விழாக்களில் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

தமிழகத்தில் 1911இல் மதுரையில் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் போக்குவரத்து ஸ்தாபனத்தின் கதையை இன்றும் பலர் அறிவர். போர்க்காலப் பெற்றோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவால் வண்டி ஓட்ட அவர்கள் கருவி செய்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் 1931இல் தொடங்கிய ஆனைமலை பஸ் ஸ்தாபனத்தின் வரலாறும் எழுத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்கேயும் முதலாளியின் கதை எழுதப்பட்ட அளவுக்குச் சாரதியின் கதை எழுதப்படவில்லை.

நம் மலைநாட்டில் ரயிலுக்காவது ஒரு நினைவுச் சின்னம் உண்டு. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 1990களில் உல்லாச விடுதியானபோது, அதன் முற்றத்தில் பழைய ரயில் பெட்டி ஒன்றை நிறுத்தி உணவறையாக்கினார்கள். பயணிகள் அதில் அமர்ந்து விருந்துண்கிறார்கள். நல்லதே. ஆனால் ரயில் நின்றபின், அதைவிட நெடுங்காலம் மலையைச் சுமந்த லொறிக்கு ஒரு பலகைத் துண்டும் இல்லை. இன்று தேயிலை பல மடிப்புக் காகிதப் பைகளில் இறங்குகிறது. ஜப்பானிய லொறிகளும் இந்திய லொறிகளும் ஓடுகின்றன. பழைய தேயிலைப் பெட்டியைக் காணவே அரிது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் லயத்திலோ, வீதியிலோ, பட்டினத்திலோ கண்பார்வை மங்கிய முதிய சாரதி ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் போய் உட்காருங்கள். எந்தக் கம்பனியில் இருந்தீர்கள், எந்த லொறி ஓட்டினீர்கள், எந்த வளைவில் பயந்தீர்கள், யாரை நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினீர்கள் என்று கேளுங்கள். ஆண்டையும் ஊரையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். அப்பியாசப் புத்தகம் ஒன்றும் பென்சில் ஒன்றும் போதும். எரிந்துபோன நடைப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது அப்படித் திரும்பக் கிடைக்கும்.

போன தை மாதம் நான் உடப்புசல்லாவைக்குப் போயிருந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது காய்கறிக் கடை. கடைக்காரர் இளைஞர், அங்கே முன்பு என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. கடைவாசலில் தராசு மேடைக்கு அண்டை கொடுத்து ஒரு மரக்கட்டை கிடந்தது. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி, நடுவில் கயிறு கோக்கத் துளையிட்டு, சில்லு ஏறி ஏறிப் பளபளத்த கட்டை. அது எதற்குச் செய்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றார்.

அவருக்குச் சொன்னேன். கடையில் நின்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.